தாயமா, ஆடுபுலியா, கதை ஆட்டமா? உங்களுக்குப் பொருந்துவது எது?

மேல்கோட்டை. கல்யாணிக் குளத்தைச் சுற்றியுள்ள கல் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். யோக நரசிம்மர் மலை ஏறி இறங்கிய களைப்பு. வயிறு நிறையப் புளியோதரை.

எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஆறு பேர். ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர், அவர் மனைவி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர்கள் மகன், பெங்களூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள், பீன்யாவில் வேலை செய்யும் ஒரு பிட்டர், கடைசியாக நான்.

நடுவில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. தாயக் கட்டம் வரையவில்லை. காய்களும் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம், ஒரு பென்சில். அவ்வளவுதான்.

வழியில் போன உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "கட்டம் இல்லாம என்ன ஆட்டம் ஆடறேள்?" என்று கேட்டார். இந்த ஊர் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். கன்னட வாடை கலந்த தமிழ். காதுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும்.

"கதை ஆட்டம், தாத்தா" என்றான் மகன்.

பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு எனக்கும் புரியவில்லை. இந்த ஆட்டம் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன். அதற்கு முன், ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்து பேர், ஒரு அறை

நான் முதன்முதலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்தபோது ஸ்ரீராமபுரத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். வாரம் ஆறு நாள் ஷிப்டு. ஞாயிறு மட்டும் ஓய்வு. சினிமாவுக்குப் போனால் காசு. தூங்கினால் ஊர் ஞாபகம். ஆகவே ஏதாவது ஆடுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்தது செஸ். எங்களில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன். புத்திசாலிகளின் ஆட்டம் என்று அவன் சொன்னதால் எல்லோரும் சேர்ந்து காசு போட்டுப் பலகை வாங்கினோம். முதல் வாரம் நான்கு பேரையும் அவன் தோற்கடித்தான். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நான்கு பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது! பலகை சோற்றுப் பானைக்கு மூடியாயிற்று.

அவன் மேல் குற்றமில்லை. செஸ் மேலும் குற்றமில்லை. செஸ்ஸில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கிடையாது. ஆறு நாள் மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவன் ஏழாவது நாளும் ஒருவனிடம் தோற்பதற்காக உட்கார மாட்டான். இதை நாங்கள் முதலில் யோசிக்கவில்லை.

பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர் ஒருவர் தரையில் சாக்கட்டியால் தாயக் கட்டம் போட்டார். அன்று ஆரம்பித்தது கூச்சல். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து எச்சரித்தார்.

தாயத்தில் அப்படி என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, விழுவது இரண்டே விதம். எட்டுக்கு ஒன்று. ஆகவே தாயம் போடாமல் வெளியே காத்திருக்கும் அவஸ்தை எல்லோருக்கும் உண்டு, பி.ஏ. படித்தவனுக்கும் உண்டு. அதே சமயம் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எப்போது மலையில் ஏறிப் பதுங்குவது என்று யோசிக்கவும் இடம் உண்டு. தோற்றவன் "கட்டை விழவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெயித்தவன் "நான் ஆடிய ஆட்டம் அப்படி" என்று மார்தட்டலாம். இரண்டு பேருக்கும் மரியாதை மிச்சம்!

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழைக்காலத்தில் சீட்டு வந்தது. ரம்மி. முதலில் பாயிண்டுக்கு ஐந்து பைசா. தீபாவளி வருவதற்குள் அது ஐம்பது பைசாவாகிவிட்டது. ஒருவன் தங்கையின் வளைகாப்புக்கு மணியார்டர் அனுப்ப வைத்திருந்த பணம் முழுவதையும் இரண்டு ஞாயிறுகளில் விட்டான். ஜெயித்தவர்களில் நானும் ஒருவன். "திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவன் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். பிறகு பஸ்ஸில் பார்த்தபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ரம்மி இப்போது செல்போனுக்குள் வந்து பல குடும்பங்களைப் பதம் பார்த்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஐந்து பேர் இருக்கும் அறையில் பாய் விரித்து ஆடுவதை எந்தச் சட்டம் வந்து பார்க்கப்போகிறது?

குணத்துக்கு ஏற்ற கட்டம்

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "எது உயர்ந்த ஆட்டம்?" என்று கேட்பதுதான் நாம் செய்யும் தவறு. உட்காரப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு அன்று என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கப் பரமபதம் ஆடுகிறோம். ஏணியில் ஏறுகிறோம், பாம்பின் வாயில் விழுகிறோம். அதில் ஆடுபவர் முடிவு செய்வது என்று ஒன்றுமே இல்லை. கட்டை விழுந்தபடி காய் போகும். "இதுவும் ஒரு ஆட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பாட்டியும் பேரனும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சரிசமமாக உட்கார வேண்டுமானால் இதை மிஞ்சிய ஆட்டம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு மூளையைக் கசக்கச் சொன்னால் யார் விழித்திருப்பார்கள்? இந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், பரமபதத்தை இழந்து, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

ஆடுபுலி ஆட்டம் நேர் எதிர். இதில் கட்டையே கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடு புலியை வெட்ட முடியாது. சுற்றி வளைத்து நகர விடாமல் செய்யலாம், அவ்வளவுதான். ஒரே பலகையில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான வேலை! ஆளின் குணம் இதில் தெரிந்துவிடும். அவசரக்காரர் புலி கேட்பார். பத்து நிமிஷம் வாய் பேசாமல் ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருபவர் கடைசியில் புலியைக் கட்டிப்போடுவார். எங்கள் ஆபீசில் தபால் பிரிவில் இருந்த ஒருவர் எப்போதும் ஆடுதான் கேட்பார். அவரிடம் மூன்று பேர் மேனேஜர்களாக வந்து போனார்கள். அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

இரண்டு பேருக்கு மேல் இருந்து, கூட்டாளியோடு சேர்ந்து ஜெயிக்க ஆசை என்றால் சொக்கட்டான். சிலுவை வடிவக் கட்டம், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. கன்னடத்தில் இதற்குப் பகடே என்று பெயர். பேச்சு வேண்டும், போட்டி வேண்டாம் என்றால் பல்லாங்குழி. கை சோழியை எண்ணும், வாய் ஊர்க்கதை பேசும். இங்கே அதை அளகுளி மனே என்பார்கள். நம்முடைய ஐந்து கட்டத் தாயத்தைப் போன்றது இவர்களுடைய சௌகாபாரா. கட்டைக்குப் பதில் சோழி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்காமலே ஆட்டத்துக்குக் கூப்பிடலாம்.

ராஜா செய்த ஆட்டங்கள்

ஆட்டம் பற்றிப் பேசினால் மைசூர் சீமையில் ஒருவரை விட முடியாது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஐந்து வயதில் இவரை ஆங்கிலேயர் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். 1831-ல் ஆட்சிப் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 1868-ல் இறக்கும்வரை பட்டம் உண்டு, ஆட்சி இல்லை.

அந்த 37 வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லை. சதுரங்கக் குதிரையை ஒரு கட்டத்தில் இரண்டு தடவை கால் வைக்காமல் 64 கட்டங்களுக்கும் கொண்டுபோகும் வழிகளைக் கண்டுபிடித்தார். புதுப் புதுச் சீட்டாட்டங்களை அமைத்தார். அவர் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி ஒன்பது பாகம் கொண்டது. கடைசிப் பாகமான கௌதுக நிதி முழுக்க விளையாட்டுதான். அதில் வரும் சில சீட்டாட்டங்களுக்கு 18 ஜாதிச் சீட்டு. ஒரு ஜாதிக்கு 12 எண் சீட்டு, 6 படச் சீட்டு. பெருக்கிப் பாருங்கள், 324 சீட்டு! இந்த கஞ்சீபா சீட்டுகளைக் கையால் வரையும் கலைஞர்கள் மைசூர்ப் பக்கத்தில் உண்டு.

324 சீட்டு நமக்குச் சரிப்படாது. ராஜாவுக்கு நேரம் இருந்தது, நமக்கு மறுநாள் காலை ஷிப்டு. ஆனால் மேல்கோட்டை செல்லப்பிள்ளைக்கு இன்றும் சாத்தப்படும் கிருஷ்ணராஜமுடி என்ற கிரீடத்தைக் கொடுத்தவர் இதே ராஜாதான். ஆகவே அந்த ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு புது ஆட்டம் ஆடியதை அவர் தவறாக நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

வேஷம் கட்டாத கூத்து

இனி, மகன் கொண்டுவந்த கதை ஆட்டத்துக்கு வருகிறேன்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு பேர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதிலிருந்து கிளைத்தவைதான் இந்த வகை ஆட்டங்கள். இதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஆகிவிட வேண்டும். வேஷம் கட்ட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து பேசினால் போதும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு போவதுபோல ஒருவர் கதையை நடத்துவார். "நீங்கள் காட்டுக்குள் போகிறீர்கள், எதிரே பாழடைந்த கோட்டை, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். நீங்கள் செய்வதைச் சொல்வீர்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது. கதை எங்கே போகும் என்று நடத்துபவருக்கே தெரியாது.

இதில் நூற்றுக்கணக்கான வகைகள் வந்துவிட்டன. எல்லாம் ஒன்று என்று நினைத்துக் கையில் கிடைத்ததை எடுத்தால், எங்கள் செஸ் பலகையின் கதிதான்.

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் சண்டைக்கும் சாகசத்துக்கும் ஏற்றது. விதிகளே தடித்தடியான மூன்று புத்தகங்கள். இருபது பக்கம் கொண்ட பகடை வேறு! கணக்குப் பார்த்துத் தன் வீரனுக்குக் கத்தி, கவசம், மந்திரம் சேர்ப்பதில் சந்தோஷப்படுபவர்களுக்கு அது விருந்து. 1981-ல் வந்த கால் ஆஃப் கதுல்ஹூ துப்பறியும் ஆட்டம், கூடவே பயம். அதில் சண்டை போட்டால் பெரும்பாலும் சாவுதான். மர்ம நாவல் பிரியர்களுக்குப் பொருந்தும். 1986-ல் வந்த கர்ப்ஸ் எந்தக் காலத்துக் கதைக்கும் ஒரே விதி என்ற கொள்கையுடையது. கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2009-ல் வந்த பியாஸ்கோவில் நடத்துபவரே கிடையாது. மூன்று முதல் ஐந்து பேர், ஒரே சாயங்காலம், எல்லாம் குளறுபடியாகி முடியும் கதை. கூச்சமில்லாமல் வாய் பேசுபவர்களுக்குத்தான் அது.

2010-ல் அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்று ஒன்று வந்தது. அதன் கதை உலகம் அழிந்த பிறகு நடப்பது. அது நமக்கு வேண்டாம். அதில் உள்ள ஒரு விதி மட்டும் நமக்கு வேண்டியது. பகடை போட்டால் மூன்று விதமான பலன்: நினைத்தது நடக்கும், நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும், அல்லது காரியம் கெடும். நடுவில் உள்ளதுதான் அடிக்கடி நம் வாழ்க்கையில் நடப்பது. பிராவிடண்டு பண்டில் கடன் கேட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு தோல்விகள்

மகன் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். இந்திரா நகரில் நண்பர்களோடு வாரா வாரம் ஆடுகிறான். அப்பா அம்மாவும் ஆட வேண்டும் என்று ஆசை. ஆங்கிலத்தில் அச்சடித்த பெரிய தாள்களைக் கொடுத்தான். "அப்பா, நீங்க எல்ஃபா இருக்கீங்களா, ட்வார்ஃபா இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்றார் அப்பா. பதில் அரை மணி நேரம் நீடித்தது. அம்மா, "இதிலே யார் ஜெயிக்கிறது?" என்று கேட்டார். யாரும் ஜெயிப்பது இல்லை என்றான். "அப்புறம் எதுக்குடா உட்காரணும்?" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். தாள் நிரம்பி முடிவதற்குள் அப்பா தூங்கிவிட்டார்.

அடுத்த மாதம் பியாஸ்கோ மாதிரியான ஒன்று. விதிகள் கொஞ்சம்தான், நடத்துபவரும் இல்லை. அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தான். நடந்தது தலைகீழ். யார் முதலில் பேசுவது? எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவ்வளவு மௌனம் இருக்காது!

விதி அதிகமானால் படிக்காதவர்களுக்குக் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். விதி குறைந்தால் கூச்சக்காரர்களுக்குக் கஷ்டம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். கூச்சக்காரர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அந்த ஒன்று தாயக்கட்டை என்று கண்டுபிடித்தது அம்மாதான். "எங்களுக்குத் தெரிஞ்ச கட்டையை வச்சு ஆட முடியாதா?" என்று கேட்டார்.

மகன் ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் தாயத்தில் இன்னொரு தடவை உருட்டலாம். அதாவது, நல்ல விழுக்காடு என்று ஏற்கெனவே எல்லோர் மனதிலும் பதிந்தவை. அவை விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ நான்கோ விழுந்தால் நடக்கும், ஆனால் ஒரு தொல்லையும் கூட வரும். இரண்டு விழுந்தால் காரியம் கெட்டது. 16 விதத்தில் முதல் வகைக்கு 6, நடு வகைக்கு 7, கெட்டுப்போவதற்கு 3. புத்தகம் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம்.

வைரமுடி இரவு

மண்டபத்தில் உட்கார்ந்ததும் மகன் கதையைத் தொடங்கினான். மேல்கோட்டை வைரமுடி உற்சவம். பங்குனி மாத இரவு. மாண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு வைரமுடி வந்து சேர்ந்துவிட்டது. செல்லப்பிள்ளை கருடவாகனத்தில் புறப்படப்போகிறார். கூட்டம் நெரிகிறது. சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் ஆறு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை.

"நீங்க எல்லாரும் அந்தத் தெருவில இருக்கிறவங்க. யாரா இருக்கப் போறீங்க?"

இந்தத் தடவை யாரும் திகைக்கவில்லை. அம்மா பூக்காரி. பிட்டர் பஸ் கண்டக்டர். எனக்கு நாதஸ்வரக்காரர் வேடம். வீட்டுக்கார அம்மாளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது கன்னடம். அவர், "நானு இன்ஸ்பெக்டர்" என்றார், யோசிக்காமல்.

அப்பா நெடுநேரம் யோசித்தார். 31 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அதிகாரி முன்னால் உட்கார்ந்து அறியாதவர். "நான் செருப்புப் பாதுகாக்கிற இடத்தில இருக்கேன்" என்றார் கடைசியில். மகனுக்கு ஏமாற்றம், முகத்தில் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. பூக்காரி அக்கம்பக்கம் விசாரித்தார். ஐந்து விழுந்தது. குழந்தை மேளத்தின் பின்னாலேயே போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கண்டக்டர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். இரண்டு! அவர் போய்ச் சேருவதற்குள் சேலத்துக் குடும்பம் வந்த வண்டியே கிளம்பிவிட்டது. பிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார்.

வாகனம் புறப்பட்டது. தெருவின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். குழந்தை போனது அந்தப் பக்கம். இன்ஸ்பெக்டர் கயிற்றை அவிழ்க்க மறுத்தார். "கிரீடம் காயோது நன்ன கெலசா" என்றார் வீட்டுக்கார அம்மாள். கிரீடத்தைக் காப்பதுதான் என் வேலை. அவர் சொன்னது நியாயம்தான். பூக்காரி கெஞ்சினார், பலிக்கவில்லை.

அப்போது அப்பா, "நான் பேசறேன்" என்றார்.

"யாரு நீனு?" என்றார் இன்ஸ்பெக்டர், விறைப்பாக.

அப்பா எழுந்து நின்றார். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. "நான் செருப்புக் காக்கிறவன்தான் அம்மா. சாயங்காலத்திலிருந்து இந்த வாசலுக்கு வந்த ஒவ்வொரு காலையும் பார்த்தவன் நான். அந்தக் குழந்தையோட செருப்பு ரெண்டும் என்கிட்டத்தான் இருக்கு. வெறுங்காலோட இருக்குது குழந்தை. தரை பூரா உடைச்ச தேங்காய் ஓடு. கிரீடத்தைச் சுத்தி நூறு போலீஸ் நிக்கிறாங்க. அதைச் சுத்தி யாரும் இல்லை. கயிறை அவிழுங்க."

யாரும் பேசவில்லை. அம்மா கணவரைப் பார்த்த பார்வையை நான் எழுதுவது முறையல்ல. மகன் தாயக்கட்டையைக் கையில் கொடுத்தான். அப்பா உள்ளங்கையில் வைத்து உருட்டினார். மூன்று.

"கயிறை அவிழ்த்தாச்சு" என்றான் மகன். "ஆனா இன்ஸ்பெக்டர் உங்களையும் அடையாளம் காட்டக் கூட்டிக்கிட்டுப் போறார். செருப்புக்குக் காவல் இல்லை. முந்நூறு ஜோடி அப்படியே கிடக்கு."

"கிடக்கட்டும்" என்றார் அப்பா.

குழந்தை கிடைத்தது. கல்யாணிக் கரை மண்டபத்தில், ஒரு தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். "நாம உட்கார்ந்திருக்கோமே, இதே தூண்" என்றான். ஆறு பேரும் திரும்பி அந்தத் தூணைப் பார்த்தோம்.

நீங்களும் ஆட நினைத்தால்

நாலைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் உருட்டும் முறை வருவதற்குள் கொட்டாவி வரும். எல்லோருக்கும் தெரிந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கே.ஜி.எஃப். லைன் வீடுகளாக இருக்கட்டும், சிவாஜி நகர் மார்க்கெட்டாக இருக்கட்டும், ஊரில் மாரியம்மன் திருவிழாவாக இருக்கட்டும். பார்க்காத நாட்டு எல்ஃபை விடப் பார்த்த ஊர்ப் பூக்காரி வாயில் பேச்சு சுலபமாக வரும். கதை நடத்துபவர் கொஞ்சம் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். தானே கதாநாயகனாக ஆசைப்படுபவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சண்டையும் கணக்கும் பிடித்த இளைஞர்கள் சேர்ந்தால் தடித்த புத்தகத்தையே எடுங்கள். அதன் அடிப்படை விதிகளை வெளியிட்டவர்களே இலவசமாகவும் கொடுக்கிறார்கள். பேசவே விருப்பமில்லாதவர் ஒருவர் இருந்தால் அவரைக் கதைக்கு இழுக்காதீர்கள். ஆடுபுலி போதும். அந்தத் தபால் பிரிவுக்காரரைக் கதை ஆட்டத்தில் உட்கார வைத்தால் எழுந்து ஓடிவிடுவார். களைத்து வந்த நாளில் தாயம். குழந்தைகள் அதிகம் என்றால் பரமபதம். எதை ஆடினாலும் நடுவில் காசை மட்டும் வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. இருந்தாலும் சொல்கிறேன்.

சாயங்காலம் மாண்டியா போகும் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பல வருஷங்களுக்கு முன்பு அவருக்கு வர வேண்டிய ஒரு இன்கிரிமென்டைத் தவறாக வெட்டிவிட்டார்களாம். கையில் எல்லாக் காகிதமும் இருந்ததாம். அதிகாரியின் அறை வாசல் வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தாராம். "இப்ப ஞாபகம் வந்தது" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பினார். "ஏங்க, அந்த முந்நூறு ஜோடிச் செருப்பு என்ன ஆச்சு?"

மகன் முழித்தான். அதை அவன் யோசித்து வைக்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். மடியில் இருந்த பையின் மேல் உருட்டினார்.

இரண்டு விழுந்தது.